உன் ரிப்போர்ட் வரும் வரை

பாரிவாக்கம்,
ஆகஸ்ட் 4, திங்கள்.

அக்கா திவ்யாவுக்கு,

தம்பி கோவிந்தன் எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். என் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்தால் உனக்கு எரிச்சல்தான் வரும், அதனால் விட்டுவிட்டேன். என் நம்பரையும் அம்மா நம்பரையும் நீ ப்ளாக் செய்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது. வேறு சிம் போட்டுக் கூப்பிட்டால் குரலைக் கேட்டதும் வைத்து விடுகிறாய். வேறு வழியில்லாமல்தான் பேப்பர். பாலிடெக்னிக்கை விட்ட பிறகு நான் பேனாவைப் பிடிப்பதே இப்போதுதான். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் அட்ரஸை மோகனப்பிரியாவிடம் வாங்கினேன். உன் சிநேகிதியாயிற்றே, லேசில் தரவில்லை. நாலு நாள் அவள் வேலை செய்யும் கடை வாசலில் போய் நின்றேன்.

விஷயம் ஒன்றுதான். நீ வயிற்றுக்கு ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும். முழு வயிறு. புனேவில் எங்கே வேண்டுமானாலும் எடு. ரிப்போர்ட்டை போட்டோ பிடித்து மோகனப்பிரியாவுக்கு அனுப்பினால் போதும். இருபதாம் தேதிக்குள் வர வேண்டும். எதற்கு என்று கேட்காதே, சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு. நைனா பார்க்க வேண்டும் என்கிறார், அவ்வளவுதான்.

இங்கே சொல்லும்படி ஒன்றும் இல்லை. நம் தெரு முனையில் கிடந்த காலி மனையிலும் ஐந்து மாடி எழும்பி விட்டது. நான் மூன்றாவது வேலையையும் விட்டு விட்டேன். ஜெபா மாமாவைக் கேட்டதாகச் சொல்.

ஸ்கேனை மறந்து விடாதே.

உன் தம்பி,
கோவிந்தன்.


பாரிவாக்கம்,
ஆகஸ்ட் 13, புதன்.

அன்புள்ள அக்காவுக்கு,

கோவிந்தன் காலில் விழுந்து எழுதுவது. கிழிக்காமல் கடைசி வரை படி. அப்புறம் கிழித்துக்கொள்.

நேற்று பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் மோகனப்பிரியா என்னைப் பிடித்து நிறுத்தி, ஜனங்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க மானத்தை வாங்கி விட்டாள். "நாலு வருசமா அவளுக்குக் கொழந்த இல்லன்னு அவளே நொந்து போயி கீறா. அவ வயித்துல இன்னா கீதுன்னு போட்டோ புடிச்சி அனுப்பணுமாடா உங்க நைனாவுக்கு? ரெண்டு நாளா அவ சோறு துன்னல. மனுசங்களாடா நீங்கல்லாம்?" என்றாள். அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியதும் பக்கத்தில் நின்ற பஸ்ஸுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

சத்தியமாக அது இல்லை அக்கா. பேசாமல் போன ஒரு பெண்ணுக்கு நாலு வருஷம் கழித்து "வயிற்றை ஸ்கேன் எடுத்து அனுப்பு, காரணம் கேட்காதே" என்று எழுதினால் அவள் என்ன நினைப்பாள் என்று யோசிக்கிற மூளை எனக்கு இல்லை. அதுதான் நடந்தது. வேறு எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்து நைனாவிடம் சொன்னேன். கையில் இருந்த டம்ளரை என் மேல் வீசினார். குறி தப்பியது. முன்பெல்லாம் தப்பாது. அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து விட்டார். அம்மா கஞ்சியை வைத்தாள், ஆறிப் போனது, எடுத்துக்கொண்டு போனாள். சாயங்காலம் அவரே கூப்பிட்டார். "கோயிந்தா, எல்லாத்தயும் எழுதிடு. ஒண்ணு விடாத. ஆனா வா வான்னு மட்டும் எழுதாத. வர்றதும் வராததும் அது இஷ்டம்" என்றார். அதனால் ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

நைனா உடம்பு சரியில்லை. நீ பார்த்த நைனா எண்பத்தோரு கிலோ. இப்போது நாற்பத்தெட்டு. பேன்ட் எதுவும் நிற்பதில்லை, லுங்கிதான். ஜூன் மாதத்தோடு திருவேற்காட்டுக் கறிக்கடையை மூடி விட்டோம்.

நீ ஜெபா மாமாவோடு போன நாலாம் மாதம் அவருக்கு சக்கரை வந்தது உனக்குத் தெரியும். தெருவே கூடி வைத்தியம் சொன்னதும் தெரியும். பக்கத்து வீட்டு பொன்னியம்மா, "இது ஊட்ட வுட்டுப் போன பொண்ணு குடுத்த சக்கர, மாத்திரைக்கு அடங்காது" என்று வாசலில் நின்று சொன்னாள். அம்மா அதை நம்பினாள். நானும் நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை, உனக்கு போன் போட்டு, "நைனாவுக்கு சக்கர வந்ததே உன்னாலதான். அவரு செத்தா கூட இங்க வராத" என்று கத்தினேன். அன்றோடு நீ எங்கள் எல்லோரையும் துண்டித்தாய். நீ செய்தது சரி. உன் இடத்தில் நானாக இருந்தால் அதற்கு முன்பே செய்திருப்பேன்.

அந்த சக்கரை சாதாரண சக்கரை மாதிரியே இல்லை அக்கா. காலையில் நானூறு, மத்தியானம் ஐம்பது. மாத்திரை போய் ஊசி வந்தது. ஊசி போட்டும் இளைத்துக்கொண்டே போனார். திருட்டுத்தனமாக இனிப்பு தின்கிறார் என்று அம்மாவுக்கு சந்தேகம். கடையிலிருந்து வந்ததும் அவர் சட்டைப் பையைத் துழாவுவாள். ஒரு நாளும் ஒரு மிட்டாய்க் காகிதம்கூடக் கிடைத்ததில்லை. சாப்பிட்டால் இடது பக்க வயிற்றில் வலி எடுத்து முதுகுக்குப் போகும். கேஸ் என்று சொல்லி சோடா குடிப்பார். கக்கூஸ் போனால் தண்ணீரில் எண்ணெய் மிதக்கும். இதை எழுத எனக்குக் கூச்சம் இல்லை, கழுவியவன் நான்தான்.

ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடையில் நல்ல கூட்டம். ஃப்ளாட்காரர்கள் பை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். நைனா கத்தியைக் கீழே வைத்தார், வயிற்றைப் பிடித்தார், கட்டை மேலேயே சாய்ந்து விட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கேதான் முதல் தடவையாக வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே ஒரு பை இருக்கிறது. தண்ணீர்ப் பை. பெரிய சாத்துக்குடி அளவு. கணையத்தின் வால் பக்கம் உட்கார்ந்திருக்கிறது.

மதிவதனி என்று ஒரு டாக்டர். நல்ல மாதிரி, நின்று பேசுகிறார். கணையம் என்று பேப்பரில் படம் போட்டுக் காட்டினார். நைனா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முப்பது வருசமா ஆடு உரிக்கிறேன் டாக்டர், இப்டி ஒண்ண நான் பாத்ததே இல்லியே" என்றார். ஆட்டிலும் இருக்கிறது, குடலோடு சேர்த்து வீசி விடுவீர்கள் என்றார் டாக்டர். அந்தப் பையை எடுக்கும்போது கணையத்தில் பாதியும் போகும், கூடவே மண்ணீரலும் போகும் என்றார். "மண்ணீரல்னா சொவரொட்டியா?" என்று நைனா கேட்டார். ஆமாம் என்றதும், "கிராக்கியான சரக்காச்சே, அத்தயுமா எடுத்துருவீங்க" என்றார். டாக்டர் சிரித்து விட்டார். நானும் சிரித்தேன். அதுதான் நாங்கள் அங்கே சிரித்த ஒரே தடவை.

ஏனென்றால் அடுத்து டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். ஆட்டு ஈரலில், நுரையீரலில், தண்ணீர் நிறைந்த வெள்ளைப் பை மாதிரி ஏதாவது பார்த்திருக்கிறீர்களா என்று. நைனா பெருமையாகச் சொன்னார். "எத்தினியோ பாத்துகீறேன். ஆனா டாக்டர், அத்த ஒரு நாளும் ஜனங்களுக்கு வித்தது இல்ல. மத்த கடைல பைய மட்டும் கீறி எறிஞ்சிட்டு ஈரல வித்துருவானுங்க. நான் முழு ஈரலையும் தூக்கிப் போட்டுருவேன். திருவேற்காட்டுல யார வேணா கேட்டுப் பாருங்க." டாக்டர், "எங்க போடுவீங்க?" என்று கேட்டார். பதில் சொல்ல நைனா வாயைத் திறந்தார். அப்படியே மூடிக்கொண்டார்.

எங்கே போடுவார் என்று உனக்கும் எனக்கும் தெரியும். கடைக்குப் பின்னால், நாய்களுக்கு. முதல் பங்கு நீ வளர்த்த கறுப்பிக்கு.

அது நாய்க்கும் ஆட்டுக்கும் நடுவில் ஓடுகிற புழு. ஆட்டு ஈரலில் இருக்கும் அந்தப் பைக்குள் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அதை நாய் தின்றால் நாயின் குடலில் புழுவாகும். முட்டை நாயின் மலத்தோடு வெளியே வந்து மண்ணில், அதன் முடியில், நாக்கில் ஒட்டிக்கொள்ளும். கை கழுவாமல் சாப்பிட்டால் மனிதன் வயிற்றுக்குள் போய்ப் பையாக வளரும். வருஷக் கணக்கில் சத்தமே இல்லாமல் வளரும். பாதிப் பேருக்கு மேல் ஈரலில்தான் வருமாம். கணையத்துக்குப் போவது நூற்றில் ஒருவருக்குக்கூட இல்லையாம். நைனாவுக்குப் போயிருக்கிறது.

ஒன்றை டாக்டர் சொல்லவில்லை, நானே போனில் தேடிப் படித்தேன். ஆட்டில் இருக்கும் அந்தப் பை மனிதனுக்கு நேராக ஒட்டாது. நாய் வழியாகத்தான் வரும். அந்த ஈரலை நைனா மற்றவர்கள் மாதிரி விற்றிருந்தால் யாருக்கும் எதுவும் வந்திருக்காது. கெட்டதை விற்கக் கூடாது என்று நினைத்ததால் வந்தது. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. நீயும் எந்தக் காலத்திலும் சொல்லிவிடாதே.

இப்போது உனக்கு வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். நைனாவை வராண்டாவில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் திரும்பிப் போய் டாக்டரிடம் கேட்டேன், மனக்கஷ்டத்தால் இவருக்கு சக்கரை வந்ததா என்று. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இன்சுலினைச் சுரப்பது கணையம். அதுவும் வால் பக்கம்தான் அந்த வேலை அதிகம். அந்த இடத்தில் இந்தப் பை வருஷக் கணக்காக அழுத்தி, குழாயை அடைத்து, கணையம் வெந்து வெந்து சுருங்கிப் போயிருக்கிறது. சக்கரைக்கு வேறு காரணமும் கொஞ்சம் இருக்கலாம், நூற்றுக்கு நூறு என்று எழுதித் தர மாட்டேன், ஆனால் பெரும் பங்கு இதுதான் என்றார். எத்தனை வருஷப் பை என்று கேட்டேன். எட்டு இருக்கலாம், பத்தும் இருக்கலாம் என்றார். "பொண்ணு ஊட்ட வுட்டுப் போனதால வந்துச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க டாக்டர்" என்றேன். "அப்படிச் சொன்னவங்க வயித்துக்குள்ள போய்ப் பாத்தாங்களா?" என்றார்.

நீ போய் நாலு வருஷம்தான் ஆகிறது அக்கா. நீ ஜெபா மாமாவைப் பார்ப்பதற்கு முன்பே, நீ காலேஜ் பஸ்ஸுக்கு நின்ற காலத்திலேயே அது அவர் வயிற்றில் இருந்திருக்கிறது. நாலு வருஷமாக நீ சுமந்தது உன்னுடையது இல்லை. நாங்கள் தூக்கி உன் தலையில் வைத்தது. அம்மாவிடம் இதைச் சொன்னேன். குழாயடிக்குப் போய் ரொம்ப நேரம் பாத்திரம் தேய்த்தாள். கழுவி வைத்த பாத்திரத்தையே திரும்ப எடுத்துத் தேய்த்தாள். பொன்னியம்மா இப்போதெல்லாம் வாசலுக்கு வந்தால் அம்மா உள்ளே வந்து விடுகிறாள்.

ஆபரேஷனுக்கு இருபத்தைந்தாம் தேதி திங்கட்கிழமை பெட் கொடுத்திருக்கிறார்கள். மண்ணீரலை எடுக்கப் போவதால் அதற்கான தடுப்பு ஊசி எல்லாம் போட்டாயிற்று. பூச்சி மாத்திரை ஒரு மாதமாக ஓடுகிறது. பிழைத்து வந்தாலும் ஆயுசுக்கும் இன்சுலின்தான். அது பரவாயில்லை. பயம் வேறு. அந்தப் பை தானாக உடைந்தால் உடம்பு தாங்காது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகக்கூட நேரம் இருக்காது என்கிறார்கள். ஷேர் ஆட்டோவில் ஏற்றாதே, குனிய விடாதே, கீழே விழ விடாதே என்று எனக்குத் தனியாகச் சொன்னார்கள். உன் விஷயமாகப் போனது தவிர நான் எங்கும் போவதில்லை. அரை மணி நேரம் ஒரு இடத்தில் உட்காராத நான், பத்து வாரமாக அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறேன்.

இவ்வளவும் ஆன பிறகு ஆபரேஷன் பேப்பரில் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்.

நாய் வளர்த்த காலத்தில் வீட்டில் யார் யார் இருந்தீர்கள், எல்லோரும் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். சம்சாரம் எல்லம்மா, பையன் கோவிந்தன் என்று நைனா சொன்னார். நிறுத்தினார். அப்புறம், "எம் பொண்ணு திவ்யா" என்றார். நாலு வருஷத்தில் உன் பேர் அவர் வாயில் வந்தது அன்றுதான். வந்ததும் நிற்கவில்லை. "அது நாயோடயே கெடக்கும் டாக்டர். ஒரே தட்டுல சோறு வச்சி துன்னும். பாய்ல பக்கத்துல போட்டு தூங்கும். நான் போட்டத துன்னுட்டு வந்த நாயி, நேரா வந்து எம் பொண்ணு கையதான் நக்கும். நான் பாத்துகினு நிப்பேன் டாக்டர். சிரிச்சிகினு நிப்பேன்" என்றார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்து விட்டார்.

அன்றிலிருந்து ஒரே பிடிவாதம். "அது வயித்துல ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியணும். அப்பால என்னிய எப்டி வேணா அறுத்துக்கோங்க." டாக்டர் திட்டிப் பார்த்தார். அம்மா அழுது பார்த்தாள். நான் சண்டை போட்டுப் பார்த்தேன். பேப்பர் அப்படியே இருக்கிறது. தனக்கு உடம்பு முடியவில்லை என்று தெரிந்தால் நீ பயந்துகொண்டோ பாவப்பட்டுக்கொண்டோ வருவாய், அது வேண்டாம் என்றுதான் முதல் கடிதத்தில் காரணம் எழுதாதே என்றார். அதை நான் எழுதிய லட்சணம் அப்படி ஆகி விட்டது.

அதனால் அக்கா, ஸ்கேன் எடு. நாய்ப் புழு சந்தேகம் என்று டாக்டரிடம் சொல்லி எடு. ஒருவேளை நீ முழுகாமல் இருந்தால் அதையும் முதலில் சொல்லிவிடு. ஸ்கேனால் ஒன்றும் இல்லை, அந்தப் பூச்சி மாத்திரைதான் ஆகாது. நான் குத்திக் காட்டி எழுதவில்லை, மதிவதனி டாக்டர் சொல்லச் சொன்னது.

ஜெபா மாமாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். நேரில் பார்த்தால் கேட்க மாட்டேன், எனக்கு வராது.

நைனா ஒன்று விடாமல் எழுது என்றார். இந்தக் கடைசி விஷயம் மட்டும் அவருக்குத் தெரியாது. அவர் தூங்குகிறார், அதனால் எழுதுகிறேன்.

அம்மாவும் நானும் ஸ்கேன் எடுத்தோம். அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. எனக்கு ஈரலில் ஒன்று இருக்கிறது. சின்னது, இரண்டு சென்டிமீட்டர். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார்கள். ரிப்போர்ட்டை நான்தான் போய் வாங்கினேன், அதனால் வீட்டில் யாருக்கும் தெரியாது. சுத்தமாக இருக்கிறது என்று நைனாவிடம் சொன்னேன். என் முகத்தையே பார்த்தார், அப்புறம் கையெடுத்துக் கும்பிட்டார். சாமி படம் அந்தப் பக்கம் இருந்தது, அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

உன் ரிப்போர்ட் நல்லபடியாக வந்தால் மோகனப்பிரியாவுக்கு அனுப்பு, நானே அவருக்குப் படித்துக் காட்டுகிறேன். ஏதாவது இருந்தால் அவளுக்கு அனுப்பாதே, எனக்கு மட்டும் சொல். அவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும், ஒரு தடவை சொல்லிப் பழகி விட்டேன். ஆனால் என்னிடம் பொய் சொல்லிவிடாதே அக்கா. நம் இரண்டு பேரில் ஒருவருக்காவது ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். அது நீயாக இரு.

உன் தம்பி,
கோவிந்தன்.